முட்டி வீக்கத்தையும் சொல்லுங்கள்

"புண்ணு குடல்லதானே? முட்டி ஏன் வீங்குது?" டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார் அண்ணி. அவருக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று தெரிந்து ஒரு வருஷமாகிறது. முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

உடலைக் காக்கவேண்டிய வெள்ளணுக்கள் பெருங்குடலின் உள்சவ்வையே தாக்குவதால் வரும் அழற்சி இது. அந்த அணுக்களும் அவை சுரக்கும் புரதங்களும் ரத்தத்தோடு உடலெங்கும் போகின்றன. அதனால்தான் மூட்டு, தோல், கண், கல்லீரல் வரை இதன் கை நீள்கிறது.

முட்டி, கணுக்கால் போன்ற பெரிய மூட்டுகளின் வீக்கம் பெரும்பாலும் குடலோடு சேர்ந்தே ஏறி இறங்கும். குடல் அடங்கினால் அதுவும் அடங்கும். முழங்காலுக்குக் கீழே சிவந்து, தொட்டால் வலிக்கும் கட்டிகளும் அப்படித்தான். முதுகெலும்பில் வருவது வேறு. காலையில் இடுப்பு விறைத்து, நடமாட நடமாடத் தளர்ந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும். குடல் நன்றாக இருக்கும்போதும் அது வரும்.

"மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டீங்களா?" தலையாட்டினார். அந்த வகை வலி மாத்திரைகள் சிலருக்குக் குடல் புண்ணையே கிளறிவிடும். டாக்டரிடம் கேட்காமல் போடக்கூடாது.

கல்லீரலில் பித்தக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும் நோய் சிலருக்கே வரும். ஆனால் சத்தமில்லாமல் வரும். பல நேரம் ரத்தப் பரிசோதனைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். பெருங்குடலையே எடுத்துவிட்டாலும் அது நிற்காது. அது உள்ளவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் கூடுதல் என்பதால், குடல் இருக்கும்வரை பொதுவாக ஆண்டுதோறும் கொலனோஸ்கோப்பி செய்வார்கள்.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் நாள் கடத்தக்கூடாது. கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசிப் பார்வை மங்கினால் அன்றைக்கே கண் டாக்டர். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ நேராக அவசரப் பிரிவு. இந்த நோயில் ரத்தம் உறையும் அபாயம் மற்றவர்களைவிட 2, 3 மடங்கு. நோய் முற்றும் நாட்களில் இன்னும் அதிகம்.

"எப்பவும் அசதியா இருக்கு. வீட்ல சோம்பேறின்னு சொல்றாங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. மாதக்கணக்கில் மலத்தோடு ரத்தம் போனால் ரத்தசோகை வராமல் என்ன செய்யும்? அழற்சியே உடலை அசத்திப்போடும். "அது சோம்பல் இல்ல அண்ணி, நோய். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து ரெண்டும் பாக்கச் சொல்லுங்க."

மருந்துக்கடை பில்லைத் திருப்பி எழுத ஆரம்பித்தேன்: முட்டி, மாத்திரை, அசதி.

"போன மாசம் கண்ணும் சிவந்துச்சு. அவரு வயித்து டாக்டராச்சேன்னு சொல்லல."

"வலிச்சுதா?"

"இல்ல, உறுத்தல்தான்."

அதையும் எழுதினேன்.