முழுகாமல் இருப்பதற்கு முன்னே (தாய்வீட்டு வாசல் – 9)

“புள்ள இன்னும் முழுகாம இரிக்கல்லயே மிஸ், அதுக்குள்ள என்னத்துக்குக் குளிசை?”

இறக்காமத்திலோ வரிப்பத்தான்சேனையிலோ புதுமணப் பெண்ணைத் தேடிப் போகும் மருத்துவமாதுவிடம் ஓர் உம்மா இப்படிக் கேட்டால், உம்மாவில் பிழையில்லை. நம் சொல்லே பிந்தி வருகிற சொல். மாதக் குளிப்பு தவறினால்தானே ‘முழுகாமல்’? குழந்தையின் மூளையாகவும் முள்ளந்தண்டு நரம்பாகவும் ஆகப்போகிற நரம்புக்குழாயோ கரு தரித்து 28 நாளுக்குள் மூடிவிடும். நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். சிறுநீரைச் சோதித்து, மாமி வீட்டுக்குச் சொல்லி, கிளினிக்கில் பதிந்து, எட்டாம் வாரத்தில், அது சரியாக மூட உதவும் போலிக் அமிலம் கைக்கு வரும்போது அந்தக் குழாயின் கதை முடிந்திருக்கும்.

சுகாதார ஊழியர்களுக்குப் போலிக் அமிலத்தைத் தெரியாமலில்லை. ஆனால் அது இரும்புச்சத்துக் குளிசையோடு சேர்ந்து ‘இரத்தத்துக்கு’ என்றே மனதில் பதிந்திருக்கிறது. அதற்கும் காரணம் உண்டு. 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், கர்ப்பிணிகளின் இரத்தசோகைக்கு நம் அலுமாரிகளிலும் இருக்கிற மார்மைட்டைக் கொடுத்துக் குணம் கண்டார். அந்தத் தேடல்தான் போலிக் அமிலத்தில் போய் முடிந்தது. நரம்புக்குழாய்க் கதை பிறகு வந்தது. ஏற்கெனவே நரம்புக்குழாய் சரியாக மூடாத குறையுள்ள குழந்தையைச் சுமந்த தாய்மாரிடம் 7 நாடுகளில் நடந்த ஆய்வொன்று, கருத்தரிக்கும் முன்பே நாளுக்கு 4 மில்லிகிராம் எடுத்தால் அக்குறை மீண்டும் வருவது 72 வீதம் குறையும் என்று 1991இல் காட்டியது. மற்றப் பெண்களுக்கு 400 மைக்ரோகிராம் போதும். குறைந்தது ஒரு மாதம் முந்தித் தொடங்கி 12ஆம் வாரம் வரை. நீரிழிவோ வலிப்பு மருந்தோ உள்ளவளுக்கு அளவு கூட வேண்டிவரும். அதை வைத்தியர் சொல்ல வேண்டும். ஆகவே ஊழியரிடம் கேட்க வேண்டியது ‘இந்தக் குளிசை எதற்கு’ என்பதல்ல, ‘எந்த நாளில் தொடங்க வேண்டும், யாருக்கு எவ்வளவு’ என்பதுதான்.

அப்படி முந்திக் கொடுக்க இந்தக் கிழக்கிலங்கைப் பக்கத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். மணமான பெண் பெரும்பாலும் உம்மாவின் வளவிலோ பக்கத்துச் சீதன வீட்டிலோதான் இருப்பாள். தடுப்பூசி போட்ட காலத்திலிருந்து அவளைத் தெரிந்த மருத்துவமாது புதிய முகவரி தேடி அலைய வேண்டியதில்லை.

குடும்ப சுகாதாரப் பணியகம் புதுமணத் தம்பதியருக்கென்று ஒரு திட்டமே வைத்திருக்கிறது. போலிக் அமிலமும் அதில் அடக்கம். நல்ல திட்டம்தான். எனக்குள்ள குறை வேறு: புதுமணம் ஒருமுறைதான், கர்ப்பம் மூன்று நான்கு முறை. நாலு வருடம் கழித்து லூப்பைக் கழற்ற வருகிறவளும், ‘ஊசி இனி வேணாம் மிஸ்’ என்று கருத்தடை ஊசியை நிறுத்துகிறவளும் அடுத்த பிள்ளைக்கு ஆயத்தமாகிறார்கள். போலிக் அமிலத்தைக் கையில் கொடுக்க வேண்டிய நாள் அதுதான். ‘பெத்து வளர்த்தவள், இவளுக்குத் தெரியாததா’ என்று அன்றைக்குத்தான் சும்மா அனுப்பிவிடுகிறோம்.