பிராதை விசாரிப்பவர் யார்?

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே, சின்னாளப்பட்டிக்கு அருகில், 1947 அக்டோபர் 7-ந் தேதி டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்திகிராமத்தை நிறுவினார்கள். நாடு விடுதலை பெற்று இரண்டு மாதம் நிறைவதற்குள் தோன்றிய அந்த ஸ்தாபனம், ஆதரவற்ற குழந்தைகளைப் பேணுவதையும் தன் கடமைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. சென்னை மாகாணத்தில் 1920 முதலே குழந்தைகள் சட்டம் இருந்ததாயினும், கிராமத்துக் குழந்தைக்குத் துணை நின்றது தொண்டரின் மனச்சாட்சியே. இன்றோ குழந்தையைக் காப்பது சர்க்காரின் அதிகாரமாகிவிட்டது. தொண்டர் தவறினால் ஊரார் கேட்பார்கள். அதிகாரம் தவறினால் கேட்பவர் யார்?

அந்த அதிகாரம் அற்பமானதன்று. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, ஒரு தலைவரும் நான்கு அங்கத்தினரும் கொண்ட குழந்தைகள் நலக் குழுவுக்கு மாஜிஸ்திரேட்டுக்குரிய அதிகாரம் உண்டு. குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்பவும், பெற்றோரிடம் திருப்பித் தரவும், தத்துக்கு உரியதெனப் பிரகடனம் செய்யவும் அதனால் முடியும். கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குட்பட்டதாயின் இரண்டு மாதத்திலும், மேற்பட்டதாயின் நான்கு மாதத்திலும் அப்பிரகடனம் செய்யப்பட வேண்டும். குழந்தை நெடுநாள் காப்பகத்தில் கிடக்கலாகாது என்ற நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆயினும், காணாத குழந்தையைத் தேடி அலையும் தாய்க்கு அந்த இரண்டு மாதம் எவ்வளவு சொற்பம்!

குழுவின் உத்தரவு பிசகானால் முப்பது நாட்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் அப்பீல் செய்யலாம். இது நியாயமான ஏற்பாடே. ஆனால் எல்லாக் குறைகளும் உத்தரவாக எழுதப்பட்டு வருவதில்லை. மனுவுக்குப் பதில் வராமை, குழந்தையைப் பார்க்க வந்த தகப்பனை அலைக்கழித்தல், காப்பகத்தில் நடக்கும் கொடுமையைக் காதில் வாங்காமை ஆகியவற்றுக்கு எந்த உத்தரவைக் காட்டி அப்பீல் செய்வது? குழுவின் போக்கைப் பற்றிய இத்தகைய பிராதுகளைக் கேட்கச் சட்டம் குறித்திருப்பவர் ஜில்லா கலெக்டர்.

தொல்லை இங்கேதான் ஆரம்பமாகிறது. 2021-ல் திருத்தப்பட்டு, 2022 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த ஏற்பாட்டின்படி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு கலெக்டரின் மேற்பார்வையில் இயங்குகிறது. நலக் குழுவின் வேலையை மூன்று மாதத்துக்கொரு முறை பரிசீலிப்பவரும் அவரே. தத்து உத்தரவு பிறப்பிப்பவரும் அவரே. நிர்வாகத்தின் தலைவரே அந்த நிர்வாகத்தின் மீது வந்த பிராதுக்கும் நீதிபதியாவது நியாயத்துக்கு ஒவ்வுமா? கலெக்டர்களின் நேர்மையை நாம் சந்தேகிக்கவில்லை. தாம் கையொப்பமிட்ட காகிதத்தில் தாமே பிழை காண்பது மனித சுபாவத்துக்கு அரிது என்றே சொல்கிறோம்.

குழந்தை உரிமைக் கமிஷன் இருக்கிறதே எனலாம். 2005-ஆம் வருஷத்துச் சட்டப்படி அது சாட்சிகளை அழைக்கலாம், தஸ்தாவேஜுகளை வரவழைக்கலாம். ஆனால் முடிவில் சர்க்காருக்குச் சிபார்சு செய்வதோ, மேல் நீதிமன்றங்களை அணுகுவதோ அன்றி, தானே பரிகாரம் அளிக்க அதற்கு அதிகாரமில்லை. மாநிலக் கமிஷனின் தலைவரைச் சிபார்சு செய்யும் குழுவுக்கு அத்துறை மந்திரியே தலைவர்.

இதன் பலனை நம் நாட்டிலேயே கண்டோம். மகாபலிபுரத்து அநாதை விடுதிகளில் குழந்தைகளுக்கு நேர்ந்த கொடுமை பற்றிய பத்திரிகைக் கட்டுரையுடன் 2007-ல் சென்ற ஒரு கடிதத்தைச் சுப்ரீம் கோர்ட் மனுவாக ஏற்றது. காப்பகங்களைப் பதிவு செய்யவும், சமூகத் தணிக்கை நடத்தவும் கட்டளையிட்ட தீர்ப்பு வந்தது 2017 மே மாதத்தில். இடையில் பத்து வருஷம்! பத்து வயதுக் குழந்தை வாலிபனாகிவிட்டான். 2021-ல் மதுரைக் காப்பகம் ஒன்று, ஒரு வயதுக் குழந்தை கொரோனாவால் இறந்ததாகக் காகிதம் காட்டிற்று. வெளியார் ஒருவர் ஐயுற்று முறையிட்ட பிறகே, குழந்தை உயிரோடிருப்பதும், பணத்துக்குக் கைமாறியதும் போலீசாருக்குத் தெரிந்தன. வெளியார் கண் படாதிருந்தால் அக்காகிதமே உண்மையாக நின்றிருக்கும்.

இங்கிலாந்தில் 1989-ஆம் வருஷத்துக் குழந்தைகள் சட்டம், இத்தகைய பிராதுகளைப் பரிசீலிப்பதில் நிர்வாகத்தைச் சேராத ஒருவரேனும் பங்கேற்க வேண்டுமென விதித்தது. அங்கும் இறுதி முடிவு நிர்வாகத்தின் கையிலேயே உள்ளது. எனினும் பிறர் அறியாமல் பிராதைப் புதைத்துவிட முடியாது.

நாம் கோருவது அதனினும் ஒரு படி கூடுதல். ஜில்லாதோறும், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரும் குழந்தைப் பணியில் தேர்ந்த மாது ஒருவரும் பிராதுகளைக் கேட்கட்டும். அவர்கள் முடிவு நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தட்டும். காப்பகத்துக் குழந்தை, அதிகாரிகள் இல்லாத இடத்தில் அவர்களிடம் பேசட்டும். பிராது நிலுவையிலிருக்கும் வரை தத்துப் பிரகடனம் நிற்கட்டும். வந்த பிராதுகள் எத்தனை, தீர்ந்தவை எத்தனை என்று வருஷந்தோறும் பிரசுரமாகட்டும்.

ஹைக்கோர்ட்டின் மதுரைக் கிளை சின்னாளப்பட்டிக்குத் தொலைவிலில்லை. ஆனால் அன்றாடக் கூலியை இழந்து, வக்கீலுக்குப் பணம் தேடி அங்கே செல்வது நெசவாளிக்குச் சுலபமா?

பொதுப் பணத்தில் ஒரு காசுக்கும் கணக்கு இருக்க வேண்டுமென்று வற்புறுத்தியவர் காந்தியடிகள். காசைவிடக் குழந்தை மேலான அடைக்கலப் பொருள். அதற்கும் கணக்குக் கேட்போம். அக்கணக்கைச் சரிபார்ப்பவர் அதை எழுதியவராக இருத்தல் கூடாது.