வேலிக்குள் வேட்டை

கொழும்பில் வளரும் எங்களில் பெரும்பாலானோர் மானை முதன்முதலில் வேலிக்குப் பின்னால்தான் பார்த்திருப்போம். வெள்ளவத்தையிலிருந்து தெஹிவளை மிருகக்காட்சிசாலை கூப்பிடு தூரம். கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்கு ஒரு பஸ் பயணம். அங்கே நிற்கும் புள்ளிமானைப் பார்த்து, "இதைச் சுடுவதற்கு எவ்வளவு?" என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. ஆனால் அப்படிக் கேட்டால் விலை சொல்லும் இடங்கள் உலகில் இருக்கின்றன.

எங்கள் பகுதிக் காடுகளுக்கே உரிய புள்ளிமான் 1932இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்கே அது பெருகியது. அந்த மாநிலச் சட்டம் அதை வனவிலங்காகக் கருதுவதில்லை; வெளிநாட்டுக் கால்நடை என்றே கணக்கிடுகிறது. அதனால் அதை வேட்டையாடப் பருவக் கட்டுப்பாடு கிடையாது. பல பண்ணைகளில் மான்களை உயரமான கம்பி வேலிக்குள் வளர்த்து, பணம் கட்டி வருபவரைச் சுடவிடுகிறார்கள். இறைச்சியைவிடக் கொம்புக்குத்தான் மதிப்பு. சுவரில் மாட்டத்தானே வருகிறார்கள்!

எல்லா மாநிலங்களும் இதை ஏற்கவில்லை. மொன்டானாவில் 2000ஆம் ஆண்டு வாக்காளர்களே வாக்களித்து, பண்ணை விலங்குகளைக் கட்டணத்துக்குச் சுடவிடுவதைத் தடை செய்தார்கள். அதற்கு நோய்ப் பயமும் ஒரு காரணம். மான்களை உருக்கிக் கொல்லும் மூளை நோயொன்று 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடம்தான் முதலில் அறியப்பட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1887இல் தொடங்கப்பட்ட, அமெரிக்க வேட்டைக்காரர்களின் பழைமையான பூன் அன்ட் கிரொக்கெட் கழகம், தப்ப முடியாத வேலிக்குள் கொல்லப்பட்ட விலங்கைத் தன் சாதனைப் பதிவேட்டில் சேர்ப்பதில்லை. வேட்டைக்காரர்களுக்கே அது வேட்டையாகத் தெரியவில்லை.

எங்கள் நாட்டில் இந்த வியாபாரத்துக்கு இடமில்லை. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் மானையும் மரையையும் பாதுகாக்கின்றன. அவற்றைக் கொல்வதும் இறைச்சியை விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். சட்டம் அத்தோடு முடிகிறது. ஆனால் வகுப்பில் இந்தப் பேச்சு வந்தபோது ஒரு தோழி கேட்டாள்: "மான் ஹலால். வேட்டையும் ஹலால். சட்டம் அனுமதிக்கிற நாட்டில் வேலிக்குள் சுட்டால் என்ன பிழை?"

கேள்வி நியாயமானது. பதிலைத் தேடியபோது, எங்கள் மார்க்க அறிஞர்கள் டெக்ஸாஸ் பண்ணைகளுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இதற்கு மிகவும் நெருங்கிய விஷயத்தைப் பேசிவிட்டார்கள் என்பது எனக்கு வியப்பாக இருந்தது.

ஃபிக்ஹு நூல்களில் ஒரு பிராணியைக் கொல்லும் முறையைத் தீர்மானிப்பது அதன் இனம் அல்ல; அது எங்கள் பிடிக்குள் இருக்கிறதா இல்லையா என்பதுதான். பிடிக்குள் இருப்பதைக் கழுத்தில் அறுக்க வேண்டும். பிடிக்கு அடங்காததற்கு மட்டுமே அம்பு, ஈட்டி, வேட்டைநாய் என்ற சலுகை. இதற்கு அழகான ஆதாரம் ராஃபிஉ இப்னு கதீஜ் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ். கனீமத்தாகக் கிடைத்த ஒட்டகம் ஒன்று மிரண்டு ஓடியது. ஒருவர் அம்பெய்து அதை நிறுத்தினார். வீட்டு விலங்குகளிலும் காட்டு விலங்கைப்போல் மிரள்பவை உண்டு, அவற்றை இப்படியே கையாளலாம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். ஓடிப்போன ஒட்டகத்துக்கு வேட்டையின் சட்டம் பொருந்துகிறது. அப்படியானால் பழகிப்போன மானுக்கு ஆட்டின் சட்டம்தான். கையால் தீனி தின்று வளர்ந்த மானைத் துவக்கால் சுட்டுச் சாகடித்தால், ஷாபிஈ மத்ஹபின்படி அந்த இறைச்சியே ஹலாலாகாது.

பண்ணை ஆயிரக்கணக்கான ஏக்கராக இருந்து, மான் ஓடி மறைய இடமிருந்தால்? அங்கே தீர்ப்பு அவ்வளவு இலகுவல்ல. பிடிக்கக் கஷ்டமான பிராணி வேலிக்குள் இருந்தாலும் பிடிபடாததுதான். ஆனாலும் இமாம் நவவீ தம் மின்ஹாஜில் தரும் ஓர் அளவுகோல் உதவுகிறது: தப்ப முடியாத ஒடுக்கமான இடத்துக்குள் விரட்டப்பட்ட பிராணி விரட்டியவரின் உடைமையாகிவிடும். அதாவது வேட்டை அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடப்பது அறுப்பாக இருக்க வேண்டும்.

ஹலால், ஹராம் ஒரு பக்கம் இருக்கட்டும். இளைஞர்கள் சிலர் கோழியொன்றை நிறுத்திவைத்து அதன்மீது அம்பெய்து பழகுவதைக் கண்ட அனஸ் (ரழி), பிராணிகளைக் கட்டி வைத்துக் கொல்வதை நபியவர்கள் தடுத்ததாகச் சொன்னார்கள். உயிருள்ளதை இலக்காக்குபவரை நபியவர்கள் சபித்தார்கள் என்று இப்னு உமர் (ரழி) அறிவிக்கிறார்கள். இரண்டும் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளவை. வேலிப் பண்ணைக்கு இதைவிட நெருக்கமான வர்ணனை வேறு ஏது?

"எப்படியும் சாகப்போகும் மான்தானே" என்பார்கள். குர்பானி ஆடும் சாகத்தான் போகிறது. இருந்தும் கத்தியைத் தீட்டச் சொல்கிறோம், ஆட்டின் கண்முன் தீட்டாதே என்கிறோம். சாவு ஒன்றேயானாலும் அதில் ஒருவன் எதை ரசிக்கிறான் என்பது ஒன்றல்ல. உணவுக்காக மான் வளர்த்து முறையாக அறுப்பதை நான் குறை சொல்லவில்லை.

இஹ்ராமில் இருப்பவர்களைப் பற்றி அல்மாயிதா அத்தியாயத்தில் ஒரு வசனம் வருகிறது. வேட்டைப் பிராணிகள் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வருவதை அல்லாஹ் அங்கே ஒரு சோதனை என்கிறான். எட்டும் தூரம் என்பது இங்கே வசதியல்ல, சோதனை.

சீறாப்புராணத்தில் உமறுப்புலவர் பாடிய மானுக்குப் பிணை நின்ற படலத்திலும் மான் பிடிபட்டுக் கட்டப்பட்டே இருக்கிறது. குட்டிக்குப் பாலூட்டிவிட்டு வர நபியவர்கள் பிணை நிற்கிறார்கள். மான் தானாகவே வேடனிடம் திரும்பி வருகிறது. இச்சம்பவத்தின் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று ஹதீஸ் அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். ஆகவே அதை நான் ஆதாரமாக அல்ல, இலக்கியமாகவே சொல்கிறேன். கட்டுண்ட மானை எங்கள் புலவர் ஒருவர் எந்தக் கண்ணால் பார்த்தார் என்பதற்கு அது போதும்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. "ஊரிலிருந்து வந்தது" என்று மான் வற்றல் பொதி எங்கள் வீடுகளுக்கும் எப்போதாவது வரும். அதை வைத்திருப்பது குற்றம் என்பது ஒன்று. அந்த மான் சுருக்கில் கழுத்து இறுகிச் செத்ததா, கட்டுத்துவக்கில் அடிபட்டு இரவு முழுக்கக் கிடந்ததா என்பது சமையலறையில் யாருக்கும் தெரியாது. கழுத்து நெரிபட்டுச் செத்ததை அதே அல்மாயிதா அத்தியாயம் ஹராம் என்கிறது. வெளிநாட்டில் இருக்கும் மச்சான்மாரோ சாச்சாவோ பண்ணை வேட்டைக்குப் போய்வந்த படத்தை அனுப்பினால், மானின் கொம்பைப் பற்றிக் கேட்குமுன் வேலியைப் பற்றிக் கேளுங்கள்: எத்தனை ஏக்கர், மான் யார் கையால் தின்று வளர்ந்தது, யார் அறுத்தது?