வதந்தி எங்கே நிற்கும்?

பேரா மாநிலத்தில் கோலகங்சார், சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர் முதலிய வட்டாரங்கள் ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றவை. அங்குச் செய்தி பரவுவதற்குத் தெரிந்த வழிகள் சிலவே. விடியற்காலைப் பெரட்டில் ஒருவர் சொன்னது, பால் நிறுக்கும் கொட்டகையில் நான்கு பேரின் காதுக்கு எட்டும். மாலையில் அது லயன் வீடுகளின் வாசல்தோறும் நடந்து செல்லும். அடுத்த தோட்டத்தைச் சேர வேண்டுமானால் சம்பள நாளோ கோயில் திருவிழாவோ வர வேண்டும். சொன்னவர் யார், அவர் சொல் எத்துணை நம்பகமானது என்பதும் கேட்பவருக்குத் தெரியும்.

அத்தோட்டங்களுள் பல துண்டாடப்பட்டன. பல செம்பனைத் தோட்டங்களாகவும் குடியிருப்புப் பகுதிகளாகவும் மாறின. அங்கு வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் எனப் பல இடங்களுக்குக் குடிபெயர்ந்தன. இன்று அவர்களை ஒன்றிணைப்பவற்றுள் புலனக் குழுக்களும் அடங்கும். திருமணம், இறப்பு, கோயில் கும்பாபிஷேகம் ஆகிய செய்திகள் சில நொடிகளில் எல்லாருக்கும் கிட்டுகின்றன. அதே வழியாகப் பொய்ச்செய்தியும் வருகிறது. முன்பு ஒரு வாரத்தில் கடந்த தொலைவை இப்போது அது ஒரு விரல் அசைவில் கடக்கிறது.

இதன் விளைவு சில வேளைகளில் உயிரிழப்பாகவும் முடிகிறது. 2018ஆம் ஆண்டில், பிள்ளை பிடிப்போர் ஊருக்குள் நுழைந்துவிட்டதாக ஒரு வதந்தி தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் புலனம் வழியே பரவியது. அவ்வாண்டு மே மாதம், குலதெய்வக் கோயிலைத் தேடித் திருவண்ணாமலை மாவட்டத்துக்குச் சென்ற ஒரு குடும்பத்தின் மூதாட்டி, வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவரைப் பிள்ளை பிடிப்பவர் என ஊரார் ஐயுற்றனர். கூட்டம் தாக்கியதில் அவர் உயிரிழந்தார். அந்த வதந்தியைப் பகிர்ந்தவர்களுள் பலர், தம் பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்துடனேயே பகிர்ந்திருக்கக்கூடும்.

அப்படியானால், இத்தகைய வதந்தியை எந்தக் கட்டத்தில் தடுத்திருக்கலாம்? இதனை உண்மையான மக்களிடம் சோதித்துப் பார்க்க இயலாது; பொய்யைப் பரப்பி விட்டு வேடிக்கை பார்ப்பது அறமாகாது. அதனால்தான் ஆய்வாளர்கள் கணினி மாதிரியை நாடுகின்றனர். கணினி மாதிரி என்பது, ஒரு சமூகத்தை எளிய வடிவில் கணினிக்குள் அமைத்துப் பார்ப்பதாகும். ஒவ்வொரு மனிதரும் ஒரு புள்ளி. இருவருக்கு இடையிலான தொடர்பு ஒரு கோடு. ஒரு செய்தி வந்தால் ஒவ்வொரு புள்ளியும் என்ன செய்யும் என்பதற்குச் சில விதிகள் வகுக்கப்படும். பிறகு கணினி அதனை ஆயிரக்கணக்கான முறை இயக்கிப் பார்க்கும்.

இத்தகைய மாதிரிகளுக்கு நோய்ப் பரவல் ஆய்வில் ஒரு முன்னோடி உண்டு. 1927இல் கெர்மக், மெக்கென்றிக் என்னும் இரு ஆய்வாளர்கள், நோய் தொற்றாதவர், தொற்றியவர், நோயிலிருந்து நீங்கியவர் என மக்களை மூன்று வகையாகப் பிரித்துக் கணித முறையில் விளக்கினர். தங்கள் கணக்கை, 1905, 1906ஆம் ஆண்டுகளில் பம்பாயில் பரவிய கொள்ளைநோயின் இறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டும் பார்த்தனர்.

பேரா மாநிலத்துக்கும் இத்துறையில் ஓர் இடமுண்டு. 1998இல் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய நிப்பா கிருமித் தொற்று, அடுத்த ஆண்டுக்குள் பிற மாநிலங்களுக்கும் பரவி, மலேசியாவில் 105 உயிர்களைப் பறித்தது. பல ஆண்டுகளுக்குப் பின், முதலில் தொற்று ஏற்பட்ட பண்ணையை ஆய்வாளர்கள் கணினியில் மாதிரியாக அமைத்தனர். வௌவால்களிடமிருந்து கிருமி முதன்முறை வந்தபோது வேகமாகப் பரவித் தானாகவே அடங்கியிருக்க வேண்டும். மீண்டும் வந்தபோதுதான் பண்ணையில் நிலைத்திருக்க வேண்டும் என்பதை அந்த மாதிரி காட்டியது. நடந்து முடிந்த ஒன்றை, ‘வேறு விதமாக நடந்திருந்தால்?’ எனக் கேட்டுப் பார்க்க மாதிரி இவ்வாறு உதவுகிறது.

வதந்தியும் நோயைப் போலவே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது. 1964இல் டேலி, கெண்டல் என்னும் கணித அறிஞர்கள் வதந்திக்கென ஒரு மாதிரியை வெளியிட்டனர். அதில் செய்தி அறியாதவர், பரப்புபவர், அறிந்தும் பரப்பாதவர் என மூவகையினர் உள்ளனர். மூன்றாம் வகையினர் பெருகப் பெருக வதந்தி தளர்ந்து அடங்கும்.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒருவர் ஒரு பொய்ச்செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்புகிறார் எனக் கொள்வோம். அப்பத்துப் பேரில் இருவர் மட்டும் அதனை மேலும் பத்துப் பேருக்கு அனுப்புகின்றனர். இப்படியே தொடர்ந்தால் பத்தாம் சுற்றில் 1024 பேர் அதனைப் பரப்பிக்கொண்டிருப்பர். பகிர்பவர்கள் இருபது பேரில் மூவராகக் குறைந்தால், பத்தாம் சுற்றில் பரப்புபவர் ஏறத்தாழ 58 பேர் மட்டுமே. பத்துப் பேரில் ஒருவருக்கும் குறைவானோர் பகிர்ந்தால் செய்தி விரைவில் மடிந்துவிடும். தனி ஒருவரிடம் ஏற்படும் சிறு தயக்கம், மொத்தத்தில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது.

எனினும், மனிதர் கிருமியைப் போல் கண்மூடித்தனமாகச் செயல்படுவதில்லை. பிறர் செய்வதைப் பார்த்தே பலரும் முடிவெடுக்கின்றனர். 1978இல் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் இதனை ஆராய்ந்தார். அவர் கலவரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கிய கருத்தை, நமக்குப் பழகிய சூழலில் பொருத்திப் பார்க்கலாம்.

ஈப்போவில் நூறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பில், ‘கடைகளில் அரிசி தீரப்போகிறது’ என்னும் வதந்தி பரவுவதாகக் கொள்வோம். முதலாமவர் யாரையும் பார்க்காமல் உடனே மூட்டை மூட்டையாக அரிசி வாங்குவார். இரண்டாமவர், ஒருவர் வாங்குவதைக் கண்டால் வாங்குவார். மூன்றாமவர், இருவர் வாங்குவதைக் கண்டால் வாங்குவார். இப்படியே நூறாமவர், தொண்ணூற்றொன்பது பேர் வாங்கிய பிறகு வாங்குவார். இங்கு முதலாமவர் தொடங்கினால் போதும். ஒருவர் பின் ஒருவராக நூறு பேரும் கடைக்கு விரைவர். கடையில் அரிசி உண்மையிலேயே தீர்ந்துவிடும்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். இரண்டாமவர், ‘இன்னும் ஒருவர் வாங்கட்டும், பார்க்கலாம்’ என்று பொறுத்திருப்பவராக இருக்கட்டும். முதலாமவர் மட்டும் வாங்குவார். இரண்டாமவர் அசையமாட்டார். மூன்றாமவருக்கு இருவர் வாங்கியிருக்க வேண்டும். ஒருவர்தான் வாங்கியிருப்பதால் அவரும் போகமாட்டார். சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர், முதற்குடியிருப்பில் பீதிக்கு ஆட்படும் மக்களும் இரண்டாவதில் நிதானமான மக்களும் வாழ்வதாக எண்ணுவார். ஆனால், இரு குடியிருப்புகளுக்கும் இடையே வேறுபட்டவர் ஒருவர் மட்டுமே.

மாதிரிகள் சொல்வதை உண்மைத் தரவுகளோடு ஒப்பிடுவது அவசியம். 2006 முதல் 2017 வரை டுவிட்டர் தளத்தில் பரவிய ஏறத்தாழ 126,000 செய்திகளை, அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2018இல் முடிவுகளை வெளியிட்டனர். மெய்ச்செய்தியைவிடப் பொய்ச்செய்தி மறுபகிர்வு செய்யப்படும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகமாக இருந்தது. பொய் பெரும்பாலும் புதுமையாகவும் வியப்பூட்டுவதாகவும் இருந்தது. தானியங்கிக் கணக்குகள் மெய்யையும் பொய்யையும் ஏறக்குறைய ஒரே அளவில் பரப்பின. வேறுபாட்டை உண்டாக்கியவர்கள் மனிதர்களே.

புலன நிறுவனமும் பரவலைக் கட்டுப்படுத்த முயன்றது. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே அனுப்பலாம் என்னும் வரம்பை 2018இல் இந்தியாவிலும் 2019இல் உலகெங்கிலும் அது கொண்டுவந்தது. இந்த வரம்பு பயன் தருமா என்பதைப் பிரேசிலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர், நோய்ப்பரவல் மாதிரியைக் கொண்டு ஆராய்ந்தனர். பிரேசில், இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் பொதுக் குழுக்களிலிருந்து திரட்டிய தரவுகளை அவர்கள் பயன்படுத்தினர். வரம்பு பரவலைப் பெரிதும் தாமதப்படுத்தும். ஆயினும், மக்களை மிகவும் ஈர்க்கும் பொய்யை அது முழுமையாகத் தடுக்காது என்பது அவர்களின் முடிவு.

தாமதமும் ஒரு பயன்தான். அந்த இடைவெளியில் உண்மை வந்து சேர வாய்ப்புக் கிட்டும். மலேசியாவில், ஐயத்துக்குரிய செய்திகளைச் சரிபார்ப்பதற்கென 2017இல் ‘செபெனார்ஞா’ என்னும் இணையத்தளம் தொடங்கப்பட்டது. ஒரு செய்தியைப் பெற்றவர் அதனைப் பகிர்வதற்கு முன் இத்தகைய தளத்தை நாடினால், அவர் சற்றுப் பொறுத்த அந்த நேரம் பயனுள்ளதாகிறது.

கணினி மாதிரிக்கும் எல்லைகள் உண்டு. அது சோதிடம் அன்று. நாளை எந்த வதந்தி கிளம்பும் என்றோ, அதனை யார் நம்புவார் என்றோ அது சொல்லாது. தவறான விதிகளைக் கொடுத்தால் தவறான விடையையே தரும். தனிப்பட்ட உரையாடல்களை ஆய்வாளர்கள் காண முடியாது, காணவும் கூடாது. ஆகவே, அவர்களுக்குக் கிடைக்கும் தரவு முழுமையானதன்று. மேலும், மாதிரியில் உள்ள புள்ளிக்குச் சிந்திக்கத் தெரியாது. வகுத்த விதிப்படியே அது நடக்கும்.

மனிதரோ தம் விதியைத் தாமே மாற்றிக்கொள்ளக்கூடியவர். ‘யார் சொன்னது? எப்போது நடந்தது? வேறு யார் உறுதிப்படுத்தினார்?’ என்னும் கேள்விகளைக் கேட்கத் தோட்டத்து மக்களுக்குத் திறன்பேசி தேவைப்படவில்லை. குடும்பக் குழுவில் மாமாவோ அத்தையோ அனுப்பிய செய்தியானாலும், இக்கேள்விகளைப் பணிவோடு கேட்பது மரியாதைக் குறைவாகாது. தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் வாக்கு. நூறு பேர் கொண்ட வரிசையில் தாம் எத்தனையாவது ஆள் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு வேளை, பொறுத்திருக்க வேண்டிய அந்த இரண்டாமவர் நாமாகவும் இருக்கலாம்.