ஏலத்துக்குக் காவல் மெழுகுப்புழு: உயிரோடு சேமிப்பது எப்படி?

குரங்கணி, போடி மலைச்சரிவுகளில் ஏலச்செடி மஞ்சளடித்து வாடினால், தூரைக் கிளறிப் பாருங்கள். வேர்ப்புழுக்கள் சல்லிவேரைத் தின்றுகொண்டிருக்கலாம். இவற்றைக் கொல்வது 'ஹெட்டிரோராப்டிடிஸ் இண்டிகா' என்ற நூற்புழு. இதைப் பெருக்க மெழுகுப்புழு உயிரோடு வேண்டும். தேன்கூட்டைக் கெடுக்கும் அந்துப்பூச்சியின் புழுதான் அது.

அமெரிக்காவில் உறைந்த ஏரிகளில் மீன் பிடிப்போரும் இதையே தூண்டில் இரையாகச் சேமிக்கிறார்கள். முறை ஒன்றுதான். வளர்ந்த புழுக்களை உலர்ந்த மரத்தூளோடு, கம்பிவலை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பிளாஸ்டிக் மூடியைக் கடித்துத் துளைத்துவிடும். நெருக்கிப் போட்டால் தாமே சூடேறிச் சாகும். 13 முதல் 15 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சி போதும்; ஃபிரிட்ஜின் கடுங்குளிரில் நாள்கணக்கில் வைத்தால் பிழைக்காது. கறுத்தவற்றை அன்றாடம் அகற்றுங்கள். தேனீப் பெட்டிகளுக்கு அருகே டப்பாவை வைக்காதீர்கள்.

நூற்புழு தாக்கிய மெழுகுப்புழு இரண்டு நாளில் செத்துச் செங்கல் நிறமாகும். கறுத்து நாறினால் பயன்படாது. செங்கல் நிறப் புழுக்களை ஈரத்துணி சுற்றி, வெயில் படாமல் மலைக்குக் கொண்டுபோங்கள். மாலையில், ஈரமான தூரில் புதைத்து மூடாக்கு இடுங்கள். மண் காய்ந்தால் நூற்புழு செத்துவிடும், செலவும் வீண்.

அளவு, பருவம் பற்றிய ஆலோசனைக்கு, இடுக்கி மாவட்டம் மயிலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.