தேசிய பூங்காவும் வழிகாட்டியின் விளக்கமும்

மாணவர்களே, தேசிய பூங்காவுக்குச் சென்று திரும்பிய ஒருவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். "நான்கு யானை, ஒரு முதலை" என்பார். அந்த யானை ஏன் அங்கே நிற்கின்றது என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்காது. கண்ட பொருளைக் கண்டவரின் வாழ்க்கையோடு தொடர்புபடுத்திக் காட்டுவதே விளக்கமளித்தல் எனப்படும். இதன் அடிப்படைகளை அமெரிக்கரான பிரீமன் டில்டன் 1957 இல் வெளியிட்ட நூலில் வகுத்தார். தகவல் மட்டும் விளக்கமாகாது என்பதும், பிள்ளைகளுக்குரிய விளக்கம் பெரியோருக்குரியதன் சுருக்கமாக இராமல் வேறு முறையில் அமைய வேண்டும் என்பதும் அவற்றுள் முக்கியமானவை.

லுணுகலைப் பகுதி மாணவர்களுக்குப் பொருத்தமான உதாரணம், பிபிலைக்கு அப்பால் உள்ள கல்லோயா தேசிய பூங்கா ஆகும். இது 1954 இல் உருவாக்கப்பட்டது. பரப்பு ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர். இதன் நடுவே சேனநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கம் உள்ளது. படகில் செல்வோர், யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைக் காண்பதுண்டு.

வழிகாட்டி இவ்விலக்கங்களை மட்டும் ஒப்புவித்தால் நீங்கள் மறந்துவிடுவீர்கள். மாறாக, "உங்கள் மலையில் பெய்யும் மழைத் தண்ணீர் எங்கே போகின்றது?" என்று அவர் கேட்கின்றார் எனக் கொள்வோம். கல்லோயா ஆறு பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் உற்பத்தியாகி, இந்நீர்த்தேக்கத்தை நிரப்பி, அம்பாறை வயல்களுக்கு நீர் தந்து, கல்முனைக்குத் தெற்கே கடலில் சேர்கின்றது. அந்த நீரேந்து பகுதியைப் பாதுகாப்பதே பூங்காவை அமைத்ததன் முக்கிய நோக்கமாகும். காடு அழிந்தால் மண் அரிக்கப்பட்டு நீர்த்தேக்கத்தில் படியும். அடைமழையில் தேயிலை மலையின் கான்கள் நிரம்பிச் செம்மண் ஓடுவதைப் பார்த்த பிள்ளைக்கு இதை விளங்கவைக்க ஒரு வசனம் போதும். யானை வாழும் காடும் வயலுக்குப் போகும் தண்ணீரும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது அப்போது தானாகவே புலப்படும்.

நில்கலைப் பக்கத்துப் புல்வெளிகளில் கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் வளர்கின்றன. பாட்டி கைமருந்துக்கு எடுக்கும் கடுக்காயிலிருந்து அங்கே பேச்சைத் தொடங்கலாம்.

மொழியையும் இங்கே குறிப்பிட வேண்டும். விளக்கம் புரியாத மொழியில் இருந்தால், எவ்வளவு நல்ல வழிகாட்டியாயினும் பிள்ளை படகில் ஏறி இறங்கியதோடு சரி. 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாகும். ஆகவே தமிழ் அறிவிப்புப் பலகையைக் கேட்பது சலுகை கேட்பதாகாது.

இவ்விடயம் பற்றி வினா வந்தால், "விழிப்புணர்வு ஏற்படும்" என்று மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். பூங்காவின் பெயரையும், எந்தப் பொருளை எந்த அனுபவத்தோடு இணைக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.