எந்தத் தீவுக்குப் போகலாம்?

பெரியகுளத்தில் மாம்பழ மண்டி நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்திருந்தார். மனைவி, எட்டு வயது மகள், எழுபது வயதுத் தாயார் ஆகியோருடன் ஒரு தீவில் சில நாள் தங்கி, மூச்சுக்குழாய் பொருத்தி மிதந்தபடி பவளப்பாறைகளைக் காணும் 'ஸ்நார்க்கெலிங்' செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. மாலத்தீவு, அந்தமான், லட்சத்தீவு, இலங்கை என நான்கு விளம்பரங்களைக் காட்டி, "எது மலிவு, சார்?" என்றார். "எந்த மாதம் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

கும்பக்கரை அருவியை அறிந்தவர்களுக்கு இக்கேள்வி விளங்கும். மலையில் மழை பெய்து நீர்வரத்து பெருகினால் குளிக்கத் தடைதான். எவ்வளவு செலவழித்து வந்திருந்தாலும் பயனில்லை. கடலும் அப்படியே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில் நான் திருகோணமலை சென்றேன். நிலாவெளிக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் புறாத் தீவு. ஆனால், வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்க, படகுகள் கரையேறிக் கிடந்தன. அறை வாடகை குறைவு என மகிழ்ந்த பொருளாதாரப் பேராசிரியர், அது ஏன் குறைவு என்று கேட்க மறந்திருந்தார்!

அங்கு கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை. அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் மாலத்தீவுக்கும் ஏற்ற காலம் ஜனவரி முதல் ஏப்ரல் வரை. மாம்பழ வியாபாரிக்குக் கோடையில் கடையைப் பூட்டுவதால் இழக்கும் வருமானமும் பயணச் செலவுதான். எனவே, இலங்கை முதலிலேயே விலகிவிட்டது.

அடுத்தது, சென்று சேரும் வழி. மாலத்தீவில் இந்தியர்களுக்கு வருகையின்போதே இலவச விசா உண்டு. எனினும், விமான நிலையத்திலிருந்து விடுதித் தீவுக்கு விரைவுப் படகிலோ கடல் விமானத்திலோ செல்லும் கட்டணத்தைத் தனியே கேட்டறிய வேண்டும். லட்சத்தீவில் மக்கள் வசிப்பவை 10 தீவுகளே; காயல்கள் அமைதியானவை. ஆனால், முன்அனுமதி தேவை. கொச்சியிலிருந்து கப்பல் அல்லது அகத்திக்கு விமானம் என இடங்கள் குறைவு. அந்தமானுக்குச் சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 2018-இல் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாறிய ஹேவ்லாக்குக்கு அங்கிருந்து படகு உண்டு. நீந்த இயலாத தாயார் கண்ணாடித் தளப் படகில் அமர்ந்தே பவளப்பாறைகளைக் காணலாம். அவர் குடும்பத்துக்கு அந்தமானே பொருந்தும் என்றேன்.

விலைப்பட்டியலில் வராத செலவு ஒன்றும் உண்டு. பவளப்பாறை கல்லன்று, நுண்ணிய உயிர்களின் குடியிருப்பு. திரண்ட பாறை வகைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். ஒருவர் கால் ஊன்றி நின்று உடைப்பது, பல ஆண்டு வளர்ச்சியை. கடல்நீர் சூடேறுவதால் அவை ஏற்கெனவே வெளுத்து வருகின்றன. லட்சத்தீவு 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அதைக் கண்டது. நம் மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தோம். 1986-இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டும், அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன. தாய்லாந்தின் மாயா விரிகுடாவோ, பயணிகள் மிகுதியால் சிதைந்து, 2018-இல் மூடப்பட்டு, 2022-இல்தான் கட்டுப்பாடுகளுடன் திறக்கப்பட்டது. அதுவரை அங்கு வருமானமும் இல்லை.

எனவே, மிதவை உடையைக் கழற்றாதீர்கள், பாறைமீது நிற்காதீர்கள், எதையும் தொடாதீர்கள், எடுத்து வராதீர்கள். இவற்றை வலியுறுத்தும் படகுக்காரர் நூறு ரூபாய் அதிகம் கேட்டாலும் அவரையே தேர்ந்தெடுங்கள்.

மாணவர் பிப்ரவரியில் புறப்படுகிறார். அதற்குள் மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். நீந்தத் தெரிந்த குழந்தைக்குப் பாறைமேல் கால் ஊன்றும் தேவை இராது.